பனாட்டும் பணியாரமும்

தொல்காப்பியர் பனம்பழம் தின்றிருப்பாரா? இலக்கிய நேயர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். ஆனால் எழுத்ததிகாரத்திலே உயிர்மயங்கியலைப் படித்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். பனை என்ற சொல்லோடு அட்டு என்ற சொல் வந்து புணரும்போது என்ன நிகழும் என்று சொல்வதற்கென்றே அங்கே ஒரு சூத்திரம் இருக்கிறது. பனையின் ஈற்றிலுள்ள ஐகாரம் கெட்டு, அந்த இடத்தில் ஆகாரம் வந்து, பனாஅட்டு என்றாகும் என்பது விதி. அதற்கு அடுத்த சூத்திரம் பனைக்கொடி பற்றியது. அங்கே ஐகாரம் கெடாமல் நிற்கும். கொடிக்கு ஒரு விதி, தின்பண்டத்துக்கு ஒரு விதி. இரண்டையும் பக்கத்துப் பக்கத்திலே வைத்துப் பேசியிருக்கிறது நமது பழைய இலக்கணம்.

இந்தப் பனாட்டுத்தான் யாழ்ப்பாணத்தார் வாயிலே பினாட்டு என்று வழங்குகிறது. பனம்பழக் களியைப் பிழிந்து, பாயிலே ஊற்றி, வெயிலிலே காயவைத்து எடுக்கும் பண்டம். இதே களியை வெயிலுக்குக் கொடாமல் அடுப்புக்குக் கொடுத்தால் பனங்காய்ப் பணியாரம். முன்னது எங்கள் முன்னோருக்கு மாதக்கணக்கில் சோறு போட்டது. பின்னது இன்று மாலைத் தேநீரோடு தட்டத்தில் வைக்கப்படும் பலகாரம். ஒரே களி எப்படி ஒரு காலத்தில் சாப்பாடாகவும், இன்னொரு காலத்தில் சாப்பாட்டுக்குப் பிந்திய இனிப்பாகவும் ஆயிற்று என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் பழத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆண்பனை காய்ப்பதில்லை. பெண்பனையிலே சித்திரை, வைகாசியில் நுங்கு. வெட்டாமல் விட்ட குலைகள் முற்றிச் சீக்காயாகி, ஆடி பிறந்த பிறகு ஒவ்வொன்றாகப் பழுத்து விழத் தொடங்கும். ஆவணியும் புரட்டாதியும் விழுகின்ற காலம். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று நாம் சொல்வதையே வடமொழித் தருக்க நூலார் காகதாலீய நியாயம் என்றனர். காகம் இருந்ததற்கும் பழம் விழுந்ததற்கும் தொடர்பில்லை என்பது அவர்கள் கண்ட தத்துவம். எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தத்துவத்தைவிடப் பழம் பெரிது. விடியற்புறத்தில் 'தொம்' என்று சத்தம் கேட்டால், எந்த வளவில், எந்த மரத்தின் கீழ் என்று படுக்கையிலிருந்தபடியே சொல்லிவிடுவார்கள். வெளிச்சம் வருமுன் கடகத்தோடு போனால்தான் பழம் கிடைக்கும். பிந்தினால் மாடு முந்திவிடும்.

யாழ்ப்பாணத்தவரைப் பிற பகுதியினர் 'பனங்கொட்டை சூப்பிகள்' என்று பகிடி பண்ணுவதுண்டு. கொழும்பிலே விடுதியில் இருந்த காலத்தில் எனக்கும் அந்தப் பட்டம் கிடைத்தது. பகிடிதான் என்றாலும் அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது. சுட்ட பனம்பழத்தைப் புளித்தண்ணீரிலே தோய்த்துத் தோய்த்து, கொட்டையைச் சுற்றியுள்ள தும்பிலிருந்து களியை உறிஞ்சுவதற்கு யாழ்ப்பாணத் தமிழிலே வேறு சொல் இல்லை. சூப்புதல் என்றுதான் சொல்லவேண்டும். ஒரு சமூகத்தை அது தின்ற பொருளைக்கொண்டே அடையாளம் காட்டியிருக்கிறார்கள் என்றால், எவ்வளவு தின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

எவ்வளவு தின்றார்கள் என்பதற்கு எழுத்துச் சான்றும் உண்டு. நில அளவைத் தொழிலுக்காக இலங்கைக்கு வந்து, தாவரங்களிலே மனத்தைப் பறிகொடுத்த வில்லியம் பேர்கசன் என்ற ஆங்கிலேயர் ஆட்சிக்கால உத்தியோகத்தர், 1850 ஆம் ஆண்டிலே பனையைப் பற்றித் தனியாக ஒரு நூல் வெளியிட்டார். பனையின் 801 பயன்களைப் பாடுவதாகச் சொல்லப்படும் தாலவிலாசம் என்ற தமிழ் நூலை ஆங்கில உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. அதை இயற்றியவர் கும்பகோணத்து அருணாசலம் என்று அவர் குறித்திருக்கிறார். பின்னர் 1859 இல் இலங்கையைப் பற்றி இரு பெருந்தொகுதிகள் எழுதிய எமர்சன் ரெனன்ற்றும், இந்தியத் தாவரங்களைப் பற்றி எழுதியோரும் பனை என்று வந்தால் பேர்கசனைத் துணைக்கழைத்தார்கள்.

பேர்கசன் வழியாக நமக்குக் கிடைக்கும் பினாட்டுச் செய்தி மிகவும் துல்லியமானது. பழங்களைத் தண்ணீர் உள்ள கூடைகளிலே இட்டுக் கையாற் பிசைந்து களியாக்குவார்கள். பரண் கட்டி, பனையோலைப் பாய் விரித்து, அதன்மேல் களியைப் பரப்புவார்கள். ஒரு படை காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு படை. இப்படி ஏறக்குறைய 15 படைகள். இரண்டு, மூன்று கிழமை வெயில் வேண்டும். இரவிலே பனிபடாமல் மூடவேண்டும். பிழிந்து எஞ்சியதும் வீணாவதில்லை. அதற்குத் தோற்பினாட்டு என்று பெயர். பினாட்டு பாய்க்கணக்கிலே விற்கப்பட்டது. பாய் ஒன்று 3 முதல் 6 சிலிங் வரை. தீவுப்பகுதி மக்களுக்கும், குடாநாட்டு ஏழைகளுக்கும் ஆண்டிலே பல மாதங்களுக்கு இதுவே பிரதான உணவு.

இந்தக் கடைசிச் செய்தியிலே நாம் சற்று நிற்கவேண்டும். போர்த்துக்கேயர் 1619 இலும், ஒல்லாந்தர் 1658 இலும் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். பனைமரம் அவர்களுக்கு வளையாகவும் சலாகையாகவும் தெரிந்தது. ஒல்லாந்தர் பனைமரத்தைக் கப்பலேற்றிக் காசாக்கினார்கள். பின்னர் வந்த ஆங்கிலேயருக்குக் கள்ளும் அதிலிருந்து வரும் வருமானமும் தெரிந்தன. மரத்தை விற்றவர் கணக்கு ஆவணங்களிலே இருக்கிறது. கள்ளுக்கு விதித்த வரியின் கணக்கும் இருக்கிறது. விழுந்த பழத்தைப் பொறுக்கிப் பாயிலே ஊற்றி, வயல் விளையாத மாதங்களைக் கடந்தவர்களின் கணக்கை எந்தக் கச்சேரியும் வைத்திருக்கவில்லை. ஒரு நில அளவையாளர் தாவர ஆசையாலே எழுதிவைத்த சில பக்கங்களால் அது நமக்குத் தெரியவருகிறது.

வெறும் பினாட்டைக் கடித்துத் தின்னலாம். தேங்காய்ச் சொட்டோடு சேர்த்தும் தின்னலாம். ஆனால் அதை விருந்துக்குரியதாக்க எங்கள் வீட்டிலே பாணிப்பினாட்டுச் செய்வார்கள். கருப்பநீரைக் காய்ச்சி, கட்டியாகுமுன் பாணிப் பதத்தில் இறக்கி, அதிலே மிளகு, சீரகம், வேர்க்கொம்பு ஆகியவற்றை இடித்துப் போட்டு, துண்டு துண்டாக வெட்டிய பினாட்டை ஊறவிடுவார்கள். சாடியிலே இருக்கும். மழைக்காலத்திலே சிறிது எடுத்து அடுப்போரம் வைத்துச் சூடாக்கித் தருவார்கள். இனிப்பு, புளிப்பு, கைப்பு, உறைப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நாக்கிலே வரும். பனம்பழம் வயிற்றிலே வாய்வை உண்டாக்கும் என்பது ஆச்சியின் வைத்தியம். அதற்கு மாற்றாகத்தான் வேர்க்கொம்பும் சீரகமும். ருசிக்காகச் சேர்த்த சரக்கு என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆச்சிக்கு அது மருந்து.

இனிப் பணியாரத்துக்கு வருவோம். பழத்தின் காம்புப் பக்கத்து மூடியைக் கழற்றி, கறுத்த தோலை உரிக்கவேண்டும். ஒரு பழத்திலே ஒன்று முதல் மூன்று கொட்டைகள் இருக்கும். அவற்றைப் பிரித்து, சிறிது தண்ணீர் தெளித்துக் கையாற் பிசைந்தால் செம்மஞ்சள் நிறமான களி இறங்கும். தும்பு போக வெள்ளைத் துணியிலே வடிக்கவேண்டும். இதுவரையில் சிறுபிள்ளைகளும் செய்யலாம். இதற்குமேல் ஆச்சி யாரையும் அடுப்படிக்கு விடமாட்டார்.

"பிள்ளை, பச்சைக் களியிலே மாவைக் கொட்டினால் பணியாரம் காறும். தாச்சியில விட்டுப் பிரட்டவேணும். வாசம் மாறும். மாறினாப் பிறகுதான் இறக்கவேணும்."

வாசம் மாறும் என்றால் எப்படி மாறும் என்று கேட்டால், "மாறேக்க தெரியும்" என்பார். அவ்வளவுதான் பாடம். சீனியோ பனங்கட்டியோ சேர்த்துப் பிரட்டிய களி ஆறியதும், உப்பும், வறுத்த மாவும், ஒரு சிமிட்டா சீரகமும் வேர்க்கொம்புத் தூளும் சேர்த்துக் குழைப்பார். கொதிக்கும் எண்ணெயிலே மூன்று விரலால் கிள்ளிக் கிள்ளிப் போடுவார். பாக்களவு உருண்டைகள் கருஞ்சிவப்பாக மிதந்து வரும். சுடச்சுடத் தின்பதற்கு நாங்கள் சுளகைச் சுற்றி நிற்போம். நாளைக்குத்தான் அதற்கு ருசி என்பார் ஆச்சி. இரண்டும் உண்மை. சூட்டிலே மணம் தெரியும். மறுநாள் கைப்பு அடங்கி இனிப்புத் தெரியும்.

இந்தக் கைப்பு என்ன? பனங்களியிலே பிளபெலிபெரின் என்ற வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. பனையின் விஞ்ஞானப் பெயரிலிருந்தே அந்தப் பெயர் பிறந்தது. இவை சபோனின் இனத்தைச் சேர்ந்தவை. பேராசிரியர் ஈ. ஆர். ஜான்ஸ் முதலான இலங்கை ஆய்வாளர்கள் இந்தக் கைப்பைப் பற்றியும், நொதியத்தின் உதவியோடு அதை நீக்குவதைப் பற்றியும் ஆராய்ந்து 1994 இல் கட்டுரை வெளியிட்டார்கள். சபோனின் என்றால் தண்ணீரிலே கலக்க நுரைக்கும் பொருள். எங்கள் ஊரிலே ஏழைக் குடும்பங்கள் பனம்பழத்தைத் தேய்த்து உடுப்புத் தோய்த்தது எதனால் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? நாக்கிலே கைத்தது எதுவோ, அதன் இனமே துணியிலே நுரைத்து அழுக்கை எடுத்தது. பனங்களியாலே தோய்த்துக் கொடியிற் போட்ட சீலையை மாடு சப்பிவிட்டது என்ற முறைப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

பனை வளரும் பிறநாடுகளிலும் இதே பழம் அடுப்பேறியிருக்கிறது. வங்காளத்தார் கிருஷ்ண ஜயந்தியை ஒட்டி, நமது ஆவணிக்குச் சரியான காலத்திலே, பனங்களியோடு மாவும் தேங்காய்ப்பூவும் இனிப்பும் சேர்த்து எண்ணெயிலே பொரிக்கும் பலகாரத்துக்குத் தாலேர் போரா என்று பெயர். தாலம் என்பது பனை. தாய்லாந்திலே அதே களியை அரிசி மாவோடு புளிக்கவைத்து, ஆவியிலே அவித்துத் தின்கிறார்கள். ஆக, களி எங்கும் ஒன்றுதான். அதோடு எந்த மா சேர்ந்தது, எந்த இனிப்புச் சேர்ந்தது என்பதில்தான் அந்தந்த நாட்டின் வரலாறு தெரிகிறது.

அப்படிப் பார்த்தால் எங்கள் பணியாரத்தின் மாவிலேயே ஒரு நூற்றாண்டின் கதை இருக்கிறது. ஆச்சியின் தாயார் காலத்திலே வறுத்த அரிசி மா, அல்லது உழுத்தம்மா. இனிப்புக்குக் குட்டான் பனங்கட்டி. 1942 இலே யப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இலங்கை முழுவதும் அரிசி கூப்பனுக்கு வந்தது. அதன் பின்னான ஆண்டுகளிலே சங்கக்கடையில் கோதுமை மா தாராளமாகக் கிடைத்தது. யாழ்ப்பாணத்தார் அதற்கு அமெரிக்கன் மா என்று பெயரிட்டார்கள். வெள்ளைச் சீனியும் அதனோடு வந்தது. அரிசியைப் போல ஊறவைத்து இடிக்கத் தேவையில்லாத மா. பனங்கட்டியைப் போல நிறம் கொடாத இனிப்பு. பணியாரம் மெதுமையாயிற்று, அளவிலே பெருகிற்று, கலியாண வீட்டுக்கும் போயிற்று. பாணும் கூப்பன் அரிசியும் வயிற்றை நிரப்பியதால் பினாட்டைச் சோற்றுக்குப் பதிலாகத் தின்னவேண்டிய தேவை குறைந்தது. ஏழையின் உணவு என்ற பெயரை அதனோடு சேர்த்துப் பினாட்டு பரணிலே ஏறியது. பணியாரம் மட்டும் பலகாரத் தட்டத்திலே இருந்துகொண்டது.

ஆகவே பணியாரம் பலகாரமானது வசதியின் அடையாளம். வசதி போனபோது அதுவும் தன் பழைய உருவத்துக்குத் திரும்பியதை நான் இரண்டு தடவை கண்டிருக்கிறேன்.

1970 இல் பதவிக்கு வந்த அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. வெங்காயமும் மிளகாயும் செய்த குடாநாட்டுத் தோட்டக்காரர்களுக்கு அது நல்ல காலம். ஆனால் மாவுக்கும் சீனிக்கும் அருமை வந்தது. 1973, 1974 ஆம் ஆண்டுகளிலே பாணுக்காக விடிய எழுந்து வரிசையில் நின்றோம். அந்த ஆவணியிலே எங்கள் வீட்டுப் பணியாரத்தில் ஒடியல் மா கலந்திருந்தது. இனிப்புக்குப் பனங்கட்டி. பணியாரம் கல்லாய் இருக்கிறது என்று நாங்கள் முணுமுணுத்தோம். ஆச்சியோ, இதுதான் பணியாரம் என்று சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு எடுத்தார்.

1978 இல் பனை அபிவிருத்திச் சபை உருவாயிற்று. பழக்களியைப் போத்தலில் அடைப்பது முதல் பல முயற்சிகள் தொடங்கின. அவை வேரூன்று முன்னே போர் வந்தது. 1990 யூனிலே சண்டை மீண்டும் மூண்ட பின்னர் குடாநாட்டுக்குப் பொருள்கள் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், சீனி எல்லாம் அருமையாயின. அப்போது படித்தவர் வீட்டிலும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டே தேநீர் குடித்தார்கள். பனங்களியிலே உடுப்புத் தோய்த்தார்கள். அதுவரை பரணிலிருந்த பினாட்டுப் பாய்கள் முற்றத்துக்கு வந்தன. பொரிப்பதற்கு எண்ணெய் இல்லாத வீட்டிலே பணியாரத்துக்கு இடமில்லை. களி மறுபடியும் வெயிலுக்குப் போயிற்று. பேர்கசன் 1850 இல் எழுதிவைத்த காட்சியை நான் என் அயலிலே கண்ணாற் கண்டேன்.

அந்த ஆண்டுகளிலே பனைக்கும் இழப்பு வந்தது. காவலரண்களுக்காகவும் பதுங்குகுழிகளுக்காகவும் தறிக்கப்பட்டவை பல. எறிகணை பட்டுத் தலை போனவை பல. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். அப்போது பழக்காலம் முடிந்து, பிழிந்த கொட்டைகளைப் பாத்தியிலே அடுக்கி மண் மூடியிருந்த நேரம். தை, மாசியிலே கிண்டிக் கிழங்கெடுக்கவேண்டும். கிண்ட ஆளில்லை. 1996 வைகாசியிலே நான் திரும்பிவந்து பார்த்தபோது கூரையிலே ஓடு இல்லை. கொல்லைப்புறத்திலே கிண்டாத பாத்தி பச்சைப்பசேலென்று பீலி விட்டிருந்தது. கிழங்கு தும்பேறித் தின்ன உதவாததாயிருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட கன்றுகள் நெருங்கி நின்றன. அவற்றிலே சிலவற்றைப் பெயர்க்காமல் விட்டோம். பனை காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும். 2009 இலே போர் முடிந்ததற்குச் சில ஆண்டுகள் கழித்து, அவற்றுள் ஒன்று முதற் குலை தள்ளியது.

ஆனால் நேயர்களே, மரம் திரும்பி வந்தது போலப் பணியாரம் திரும்பி வரவில்லை. ஆவணியிலே கிராமத்து ஒழுங்கைகளால் நடந்து பாருங்கள். பழம் விழுந்த இடத்திலேயே கிடந்து வண்டு மொய்க்கிறது. மாடு தின்கிறது. கடகத்தோடு ஓடுவதற்கு ஆளில்லை. புலம்பெயர்ந்து கனடாவிலிருக்கும் என் தங்கை மாம்பழக் களியிலே மா குழைத்துப் பொரித்து, பிள்ளைகளுக்குப் பனங்காய்ப் பணியாரம் என்று சொல்லிக் கொடுக்கிறாள். பிள்ளைகள் விரும்பித் தின்கிறார்களாம். கைப்பு இல்லையே, பின் ஏன் விரும்பமாட்டார்கள்? நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். ஆச்சியின் தாயார் அரிசி மாவிலே செய்ததை அம்மா அமெரிக்கன் மாவிலே செய்தார். மா மாறியது, இனிப்பு மாறியது, எண்ணெய் மாறியது. இப்போது பழமும் மாறுகிறது. ஆனால் பழம் மாறும்போது, கைப்பைத் தணிக்கும் அந்த அறிவுக்கு வேலை இல்லாமற் போய்விடுகிறது. கைப்பை விலக்காமல், அதனோடு சேர்ந்து பசியைக் கடக்கக் கற்ற பல தலைமுறைப் பெண்களின் அறிவு அது.

தொல்காப்பியம் பனாஅட்டு என்ற சொல்லை நமக்குக் காப்பாற்றித் தந்திருக்கிறது. அதன் விலையையும் படைகளின் எண்ணிக்கையையும் பேர்கசனின் நூல் தந்திருக்கிறது. கைப்பின் பெயரை ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். தாச்சியிலே களியின் வாசம் எப்போது மாறுகிறது என்பது மட்டும் எந்த நூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அதை அறிந்த கைகள் இன்னும் சில வீடுகளிலே இருக்கின்றன. உங்கள் வீட்டிலே அப்படி ஒரு அம்மம்மாவோ அப்பாச்சியோ இருந்தால், வருகிற ஆவணியிலே நாலு பழம் பொறுக்கிக்கொண்டுபோய் அவர் முன்னே வையுங்கள். அவர் களியைப் பிரட்டும்போது பக்கத்திலே நில்லுங்கள். வாசம் மாறும்போது அவர் சொல்லுவார்.